எதிர்த்திசையில் ஒரு தலைநகரப் பயணம்

தொடர் விடுமுறை என்று மக்கள் வழக்கில் சொல்லப்படுவது, அரசு விடுமுறை ஒன்று வெள்ளியிலோ திங்களிலோ அமைந்து, சனி ஞாயிறுகளோடு சேர்ந்து மூன்று நாளாகவோ நான்கு நாளாகவோ நீளும் காலமாகும். 2025இல் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையாக வந்ததும், 2026இல் பொங்கல் வியாழக்கிழமையில் தொடங்கி உழவர் திருநாள் சனிக்கிழமையில் முடிந்து, அதை அடுத்து ஞாயிறும் வந்ததும் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகள். இத்தகைய நாள்களில் சென்னைக்குச் சென்று வர விரும்பும் குடும்பங்கள், கூட்டத்தை நினைத்த அளவிலேயே அந்த எண்ணத்தைக் கைவிடுவதுண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில், ஜி.எஸ்.டி. சாலையையும் தென்னக ரயில் பாதையையும் ஒட்டி அமைந்துள்ள சிங்கப்பெருமாள் கோயில் போன்ற ஊரில் வாழ்பவர்கள், விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையில் தங்கள் ஊர் வழியே செல்லும் வாகனங்களின் நெரிசலைக் கண்ணெதிரே காண்பவர்கள் என்பதால், அவர்களுடைய தயக்கம் இன்னும் கூடுதலானது. ஆனால் அந்தக் காட்சியைச் சற்று உற்று நோக்கினால், நெரிசல் முழுவதும் சாலையின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பது புலப்படும்; விடுமுறைப் பயணத்தைத் திட்டமிடுபவர்களுக்குத் தேவையான முதற்செய்தி அதுவேயாகும்.

சென்னை, பிழைப்புக்காகப் பிற மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய மக்களைப் பெருமளவில் கொண்ட நகரம். பொங்கலும் தீபாவளியும் நெருங்கும்போது அவர்கள் சொந்த ஊர் திரும்புகிறார்கள். அவர்களில் தெற்கு, மத்திய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் செல்லும் முதன்மை வழி, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு என்று நீளும் ஜி.எஸ்.டி. சாலை. தென் மாவட்டங்களுக்கான பேருந்துகள் முன்பு கோயம்பேட்டிலிருந்து புறப்பட்டன. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, அந்தக் கூட்டத்தின் திரள்புள்ளி நகரின் தென்கோடிக்கு நகர்ந்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோயிலுக்குத் தெற்கே பரனூரில் உள்ள சுங்கச்சாவடியில் வாகனங்கள் தேங்கும்போது, அதன் வால் வடக்கே நீள்கிறது. விடுமுறை முடியும் நாளில் அதே சாவடிக்குத் தெற்கே சென்னை நோக்கி வரும் வாகனங்கள் தேங்குகின்றன. கார்களில் செல்வோர் தாம்பரம், பெருங்களத்தூர் வழியைத் தவிர்த்து, பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கம், திருப்போரூர் சென்று அங்கிருந்து செங்கல்பட்டை அடையுமாறு காவல்துறையினர் பண்டிகைதோறும் அறிவுறுத்துவதற்கும் இதுவே காரணம்.

ஆக, விடுமுறைக்கு முந்தைய மாலையிலும் இரவிலும் ஓட்டம் தெற்கு நோக்கியது; விடுமுறையின் கடைசி நாள் பிற்பகல் தொடங்கி மறுநாள் காலை வரையில் அது வடக்கு நோக்கியது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தலைநகருக்குச் செல்லும் குடும்பம் விடுமுறையின் முதல் நாள் காலையில் வடக்கே புறப்பட்டு, அன்றைய இரவிலோ மறுநாள் மாலையிலோ தெற்கே திரும்புமானால், இருமுறையும் அது பெருங்கூட்டத்தின் எதிர்த்திசையில் பயணம் செய்கிறது. ஊருக்குச் செல்பவர்கள் அறுபது நாள்களுக்கு முன்பே ரயில் முன்பதிவுக்குக் காத்திருந்து, சில நிமிடங்களில் இடம் தீர்ந்துபோவதைக் கண்டு வருந்தும் அதே நாளில், இந்தக் குடும்பத்துக்கு முன்பதிவே தேவைப்படுவதில்லை. தலைநகரம் விடுமுறையில் ஒழிந்துபோவது உலகில் வேறு பெருநகரங்களிலும் காணப்படுவதுதான். ஆகஸ்ட் மாதப் பாரிஸும், முன்னோர் வழிபாட்டுக்காக மக்கள் சொந்த ஊர் செல்லும் ஓபோன் திருநாட்களின் டோக்கியோவும் அத்தகையவை. பொங்கலன்று காலை அண்ணா சாலையில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த அமைதியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

இதற்கு உரிய ஊர்தி மின்சார ரயிலே என்பதில் ஐயமில்லை. சென்னைக் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு ஆகியவற்றை இணைக்கும் இந்தப் பாதையில், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டிலேயே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. 2025 ஏப்ரல் 19 முதல் குளிர்சாதன மின்சார ரயிலும் இதே பாதையில் இயங்குகிறது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கடற்கரை நிலையம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காரில் சென்றால் நகருக்குள் நுழைந்த பின் வண்டியை நிறுத்த இடம் தேடுவதில் கழியும் நேரத்தை, ரயிலில் சென்றவர்கள் ஊர் பார்ப்பதில் செலவிடலாம்.

எனினும் விடுமுறை நாளில் மின்சார ரயிலை நம்பிச் செல்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வழக்கம் உண்டு. பண்டிகை நாள்களிலும் அரசு விடுமுறை நாள்களிலும், அந்நாள் வாரத்தின் எந்தக் கிழமையாக இருப்பினும், புறநகர் ரயில்கள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி இயக்கப்படும் என்று அறிவிக்கப்படுவது வழக்கம். ஞாயிறு அட்டவணை என்பது அலுவலகம் செல்வோர் இல்லாத நாளுக்காக வகுக்கப்பட்டது. அதில் வண்டிகள் குறைவு, இரு வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரம் அதிகம். வியாழக்கிழமை வந்த பொங்கலுக்கு, வழக்கமான வியாழக்கிழமை வண்டியை மனத்தில் கொண்டு நிலையத்துக்கு வருபவர்கள் நடைமேடையில் நெடுநேரம் காத்திருக்க நேர்வது இதனால்தான். இதனோடு, வார இறுதிகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் வண்டிகள் நிறுத்தப்படுவதும், தாம்பரத்தோடு சில வண்டிகள் முடிக்கப்படுவதும் உண்டு. முந்தைய நாள் நாளிதழில் வரும் நான்கு வரிச் செய்தியைப் படித்துவிட்டுப் புறப்படுவது, பயணத் திட்டத்தின் பாதி வேலையை முடித்துவிடுகிறது.

திரும்பும்போது இன்னும் கூடுதல் கவனம் தேவை. கடற்கரையிலிருந்து தெற்கே வரும் வண்டிகளில் பெரும்பகுதி தாம்பரத்தோடு நின்றுவிடுபவை. செங்கல்பட்டு வரையிலோ அதற்கு அப்பால் காஞ்சிபுரம், திருமால்பூர், அரக்கோணம் வரையிலோ செல்பவை மட்டுமே சிங்கப்பெருமாள் கோயில் வழியே வருகின்றன. ஆகவே அந்த ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள், "வண்டி நிறைய உண்டு" என்று நகரத்தார் சொல்வதைத் தங்களுக்கும் பொருந்துவதாகக் கொள்ளக்கூடாது. அட்டவணையிலிருந்து தாங்கள் ஏற வேண்டிய செங்கல்பட்டு வண்டியையும், அது தவறினால் அடுத்து வரும் வண்டியையும் காலையிலேயே குறித்து வைத்துக்கொண்டு, அன்றைய நிகழ்ச்சிகளை அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி அமைப்பதே தகுந்த முறை. எங்கே தொடங்குவது என்பதை முதலில் தீர்மானித்து, திரும்புவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் திட்டங்கள்தான் விடுமுறை நாளில் குழந்தைகளையும் முதியவர்களையும் களைப்பில் ஆழ்த்துகின்றன.

நகரத்தில் எங்கே செல்வது என்பதற்கும் திசை, நேரம் பற்றிய இதே கணக்கு பொருந்தும். தலைநகரம் ஒழிந்திருக்கும் நாளிலும் சில இடங்கள் மட்டும் நிரம்பி வழிகின்றன. காணும் பொங்கலன்று மெரினாவும் வண்டலூர் உயிரியல் பூங்காவும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவும் அத்தகையவை. வண்டலூரில் 602 ஹெக்டேர் பரப்பில் அமைந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, சிங்கப்பெருமாள் கோயில்காரர்களுக்குச் சென்னை செல்லும் வழியிலேயே உள்ளது. செவ்வாய் தவிர்த்த எந்தச் சாதாரண நாளிலும் அவர்களால் எளிதாகச் செல்ல முடிந்த இடத்தை, மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து குவியும் காணும் பொங்கலன்று தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இல்லை.

அந்தப் பூங்காவின் வரலாறு, விடுமுறை நாளில் செல்லத்தக்க வேறோர் இடத்தைச் சுட்டுகிறது. அது 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில், எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவ அதிகாரியின் முயற்சியால் சிறிய விலங்குக் காட்சிச்சாலையாகத் தொடங்கியது. பின்னர் பீப்பிள்ஸ் பார்க் எனப்பட்ட பூங்காவுக்கு மாறி, 1985இல் வண்டலூரை அடைந்தது. விலங்குகள் சென்றுவிட்டாலும் 1851இல் நிறுவப்பட்ட அருங்காட்சியகம் எழும்பூரிலேயே நிலைத்திருக்கிறது. எழும்பூர் நிலையத்தில் இறங்கினால் நடந்தே செல்லத்தக்க தொலைவில், பாந்தியன் சாலையில் உள்ள அந்தச் செந்நிறக் கட்டடத் தொகுதியில், அமராவதி பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களும், தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் பெருந்தொகுப்பும் உள்ளன. செப்புத் திருமேனி என்பது, உருவத்தை முதலில் மெழுகில் செய்து, அதன்மேல் மண் பூசிச் சூடாக்கி, மெழுகு உருகி வெளியேறிய குழிவில் உலோகத்தை வார்த்து எடுக்கப்படும் படிமமாகும்; ஒவ்வொன்றுக்கும் மெழுகு உரு தனித்தனியே செய்யப்படுவதால் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை.

அவற்றுள் திருவாலங்காட்டு நடராசர் முன்பாகச் சற்று நேரம் நிற்பது, முழு நாள் அலைச்சலுக்கும் ஈடானது. வலக்கால் முயலகன்மேல் ஊன்றி நிற்க, இடக்கால் உடலைக் கடந்து எழும்பியிருக்க, அத்தனை வேகமான இயக்கத்தின் நடுவே முகம் மட்டும் அசைவற்று அமைதியாக இருப்பதை அருகில் நின்று பார்த்தால்தான் உணர முடியும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின், இந்தத் திருமேனியின் ஒளிப்படங்களை மட்டுமே கண்டு வியந்து ஒரு கட்டுரை எழுதினார். மின்சார ரயிலில் ஏறி நேரில் சென்று காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அதே கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் திருமேனியும் உள்ளது. மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களைப் பிள்ளைப் பருவத்திலிருந்தே பார்த்துப் பழகிய செங்கல்பட்டுப் பகுதி மக்களுக்கு, கல்லில் தொடங்கிய கலை உலோகத்தில் எவ்வாறு மென்மையடைந்தது என்பதை இந்தக் கூடம் சொல்லாமல் சொல்லிவிடும். சென்னையிலிருந்து மக்கள் கார்களில் மாமல்லபுரத்துக்குத் திரளும் நாளில், அந்தப் பகுதியிலிருந்து இந்தக் கூடத்துக்கு வருவது பொருத்தமான எதிர்த்திசைப் பயணம்தான்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாள்களிலும் விடுமுறை என்பதைத் திட்டமிடுபவர்கள் மறத்தலாகாது. தேசிய விடுமுறை என்பது ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று நாள்களைக் குறிக்கும். 2025ஆம் ஆண்டுச் சுதந்திர தினம் வெள்ளியில் வந்தபோது இரு காரணங்களும் ஒரே நாளில் சேர்ந்தன. அந்த மூன்று நாள் விடுமுறையில் அருங்காட்சியகத்துக்குரியவை சனியும் ஞாயிறுமே. நெடுந்தொலைவு வந்து பூட்டிய கதவைக் கண்டு திரும்பும் ஏமாற்றம் பெரும்பாலும் இத்தகைய சிறு விவரத்தைக் கவனிக்காததால் வருவது.

ஜனவரி மாதமாயின் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சியும் ஒரு நல்ல தேர்வு. பபாசி எனப்படும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கம் 1977 முதல் நடத்திவரும் இக்காட்சி, விடுமுறை நாள்களில் காலை 11 மணிக்கே திறக்கப்படுவது வழக்கம். மாலையில் அரங்குகளுக்கு இடையே நடக்க முடியாத அளவுக்கு நெருங்கும் கூட்டம், முற்பகலில் இருப்பதில்லை. மின்சார ரயிலில் வருவோர் கிண்டியில் இறங்கி மெட்ரோவுக்கு மாறினால், சின்னமலை, சைதாப்பேட்டை ஆகியவற்றை அடுத்து நந்தனம் வந்துவிடும். மின்சார ரயில், மெட்ரோ, மாநகரப் பேருந்து ஆகியவற்றுக்கு ஒரே கைப்பேசிச் செயலியில் சீட்டு எடுக்கும் 'சென்னை ஒன்' வசதி 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளது. மகளிருக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணம் இல்லை. துணி எடுக்கத் தியாகராய நகர் செல்பவர்கள் மாம்பலத்தில் இறங்கி, 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை வழியே பேருந்து நிலையம் வரை தெருக்கூட்டத்துக்கு மேலாகவே நடந்துவிடலாம்.

மெரினாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் சென்னைக்குச் செல்லும் குழந்தைகள் முதலில் கேட்பது கடலையே, விடுமுறைக் கூட்டத்தின் ஆபத்து மிகுதியாக வெளிப்படுவதும் அங்கேதான். ஒரு திறந்தவெளியில் கூடும் மக்கள் திரள், வரும்போது சிறுகச் சிறுக வருகிறது. காலையில் ஒரு பகுதி, நண்பகலில் ஒரு பகுதி என்று நான்கைந்து மணி நேரத்தில் பரவி வந்து சேர்கிறது. ஆனால் நிகழ்ச்சி முடிந்தவுடனோ இருட்டத் தொடங்கியவுடனோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். நான்கு மணி நேரத்தில் தாங்கிய சாலையும் நடைமேடையும் ஒரு மணி நேரத்தில் அதே எண்ணிக்கையைத் தாங்க முடிவதில்லை. கூட்டத்தில் துன்பம் நேர்வது பெரும்பாலும் கூடும் வேளையில் அன்று, கலையும் வேளையில்தான்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு நிறைவையொட்டி மெரினாவில் வான்சாகச நிகழ்ச்சி நடைபெற்றது. முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 1 மணி வரை நடந்த அந்நிகழ்ச்சிக்காகப் பல லட்சம் மக்கள் காலையிலிருந்தே வெயிலில் காத்திருந்தனர். நிகழ்ச்சி முடிந்ததும் அனைவரும் ஒரே நேரத்தில் சாலைகளையும் பறக்கும் ரயில் நிலையங்களையும் நோக்கி நகர்ந்தனர். தாகத்தாலும் வெப்பத்தாலும் ஏராளமானோர் மயங்கி விழுந்தனர், ஐவர் உயிரிழந்தனர். விடுமுறை நாளில் பிள்ளைகளுக்கு விமானம் காட்ட வந்தவர்களின் வீடுகளில் நேர்ந்த இத்துயரம் எளிதில் மறக்கத்தக்கதன்று. ஒரு குடும்பத்தின் அளவில் இதற்குச் செய்யக்கூடியவை மிகச் சிலவே, ஆனால் அவை உறுதியாகச் செய்யத்தக்கவை: ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது, நண்பகல் வெயிலில் மணலில் நிற்காமலிருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டம் கலைவதற்கு முன்பே புறப்பட்டுவிடுவது. அவ்வாறு முடியாமற்போனால், அவசரப்பட்டு நடைமேடைக்கு விரையாமல், திரள் வடியும் வரையில் ஓர் ஓரமாக அமர்ந்திருப்பது பாதுகாப்பானது.

காணும் பொங்கலன்று மெரினாவில் கடலில் இறங்குவதைத் தடுக்கத் தடுப்புகள் அமைக்கப்படுவதும், குழந்தைகளின் கையில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய பட்டையைக் காவலர்கள் கட்டிவிடுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. இந்தப் பட்டையை வீட்டிலேயே கட்டிவிட்டுப் புறப்படுவது நல்லது. ஆயினும், லட்சக்கணக்கானோர் ஒரே இடத்தில் கைப்பேசியைப் பயன்படுத்தும்போது அழைப்புகள் எளிதில் இணைவதில்லை. அதனால் பிரிந்துவிட்டால் சந்திக்க வேண்டிய இடம் ஒன்றை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது அவசியம். அதற்கு மெரினாவைப் போல் வசதியான கடற்கரை வேறில்லை. 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரைச் சாலை நெடுகிலும் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல் ஆகியோருக்குச் சிலைகள் எழுப்பப்பட்டன. அவற்றோடு, தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதலே அங்கு நிற்கிறது. பாறையொன்றை நால்வர் உடல் வளைத்து நெம்பும் அந்தச் சிலையை ஒருமுறை பார்த்த குழந்தை எளிதில் மறக்காது. கடலைப் பார்க்க வருபவர்கள் இந்தச் சிலைகளுக்கு முதுகு காட்டியே சென்றுவிடுகிறார்கள் என்பது வருந்தத்தக்கது. "காணாமற்போனால் ஔவையார் அருகில் வந்து நில்" என்று ஒரு தாய் சொல்லிவைக்கும்போது, அந்தக் குழந்தைக்கு ஔவையார் யாரென்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

மெரினாவை விடியற்காலையிலோ முற்பகலிலோ பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் திருவல்லிக்கேணிக்குள் நுழைவது சிங்கப்பெருமாள் கோயில் மக்களுக்குத் தனிப்பட்ட நிறைவைத் தரக்கூடியது. மின்சார ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கி, எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயிலுக்கு மாறினால், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம் தாண்டித் திருவல்லிக்கேணி வந்துவிடும். பறக்கும் ரயில் என்று மக்கள் அழைப்பது, பெரும்பகுதி தூண்கள்மேல் அமைந்த பாலத்தின் வழியே வேளச்சேரி நோக்கி ஓடும் வண்டியை. பார்த்தசாரதிப் பெருமாள் கிழக்கு நோக்கி நிற்கும் அக்கோயிலில், மேற்கு நோக்கியபடி தெள்ளியசிங்கர் என்னும் நரசிம்மருக்கு ஒரு சன்னிதி உண்டு. சொந்த ஊரில் பாடலாத்ரி நரசிம்மர், குன்றையே குடைந்த குடைவரையில் மலையோடு ஒன்றாய் அமர்ந்திருப்பதால், அவரை வலம்வர விரும்பினால் குன்றையே சுற்றிவர வேண்டும். நெற்றித் திருமண்ணை அர்ச்சகர் சற்றே விலக்கித் தீபம் காட்டும்போது மூன்றாவது கண் தெரியும். அந்தச் சிங்கப்பெருமாளின் ஊரிலிருந்து புறப்பட்டவர்கள், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டைக் கொண்ட தலைநகரக் கோயிலிலும் அதே சிங்கமுகத்தைக் காண்கிறார்கள்.

உணவைப் பற்றி ஒரு சொல். பொங்கல், தீபாவளி நாள்களில் சிற்றுணவகப் பணியாளர்களும் ஊருக்குச் சென்றுவிடுவதால் பல கடைகள் மூடியிருக்கும். திறந்திருக்கும் சிலவற்றில் வரிசை நீளும். வீட்டிலிருந்து கட்டிச் செல்லும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் பழங்காலத்து வழக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று. இரவு தங்குவதைப் பொறுத்தவரையில், ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் வீடுள்ளவர்கள் விடுமுறைக் கால விடுதி வாடகையைக் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை; நடக்க இயலாத முதியவர்கள் உடன்வந்தாலன்றி, இரு நாளும் தனித்தனியே சென்று திரும்புவதே இலகுவானது. முதல் நாள் எழும்பூர், இரண்டாம் நாள் கடற்கரையும் திருவல்லிக்கேணியும் என்று பிரித்துக்கொண்டால், ஒரே நாளில் ஆறு இடங்களைத் தொட்டுவிட்டு ஒன்றையும் பார்க்காமல் வரும் களைப்பு நேராது.

மூன்றாம் நாளை ஊரிலேயே கழிப்பது நல்லது. அன்று பிற்பகலுக்குப் பின் வடக்கே செல்லும் சாலையில் இறங்குவது, மாநிலத்தின் பாதி மக்கள் திரும்பிவரும் ஓட்டத்தில் தானே சென்று சேர்வதாகும். தலைநகரம் பார்த்து வந்த குடும்பம் அன்று மாலை குன்றைச் சுற்றி வலம் வரும் வேளையில், பரனூர்ச் சாவடியைக் கடந்த வண்டிகள் சென்னை நோக்கி முகப்பு விளக்குகளோடு ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். எதிர்ப்பக்கத்தில் செங்கல்பட்டு செல்லும் பாதை ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்.